துரை விட்டுப்போன வண்டி

போன புதன்கிழமை என் அக்காவை எஸ்டேட்டிலிருந்து அழைத்து வரப் போனேன். அழைத்து வந்தேனா? அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் வண்டி வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். வயிற்றெரிச்சலையும் வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

பெட்ரோல் விலை ஏறினாலும் ஏறியது... பெரிய வண்டி வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சின்ன வண்டிக்குத் தாவிவிட்டார்கள். நேற்றுவரை நாம் தொட்டுப் பார்க்கக் கூசிய வண்டிகள் இன்று பலாமரத்தடியில் சருகு மூடி நிற்கின்றன. கேட்பார் இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு வண்டன்மேட்டில் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வருஷம் காய்க்கு விலை கிடைத்தது. கையில் கொஞ்சம் காசு, மனசில் நிறைய ஆசை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? போடியிலிருந்து புரோக்கர் வருவார்.

வந்தார். பெயர் சுப்பையா. காலையில் ஏலக்காய், மத்தியானம் வண்டி, சாயங்காலம் கல்யாணம் — மூன்றுக்கும் அவரே புரோக்கர்.

முதலில் அவர் காட்டியது பட்டாளம் கழித்துவிட்ட ஒரு மிலிட்டரி டிஸ்போசல் ஜீப். நெடுங்கண்டத்தில் ஒரு கள்ளுக் காண்ட்ராக்டரிடம் இருந்தது. புதுப் பெயிண்ட் பளபளத்தது. நான் விடுவேனா? சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். மட்கார்டில் வைத்தேன், விழுந்தது. கதவில் வைத்தேன், விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் பட்டி பூசி மெழுகியிருந்தார்கள்.

"என்னய்யா இது? காந்தமே ஒட்ட மாட்டேங்குது?"

"காந்தம் பழசுண்ணே" என்றார் சுப்பையா. முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஜீப்பின் என்ஜின் நன்றாக இருந்தது. உர மூட்டை ஏற்றலாம், கூலிக்கு வரும் ஆட்களை ஏற்றலாம், சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். வீட்டில் சொன்னேன். "பட்டி உதுந்தா உதுந்துட்டுப் போகுது. மூட்டைக்கு எதுக்கு அழகு? அதையே வாங்குங்க" என்றாள் என் மனைவி. சரியான பேச்சு. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, கட்டப்பனையில் ஒரு முதலாளியின் ஸ்டேஷன் வேகன். ஜன்னலுக்கு வெல்வெட் திரை, மேலே சின்ன மின்விசிறி. "இதில் ஞான் பள்ளிக்கு மாத்ரமே போயிட்டுள்ளூ" என்று முதலாளி சத்தியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போவதைத் தவிர வேறு எங்கும் எடுத்ததில்லையாம். நான் கீழே படுத்துப் பார்த்தேன். சேஸிஸில் இரண்டு இடத்தில் வெல்டிங். கோயிலுக்குப் போகிற வழி அவ்வளவு மோசமா, இல்லை சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது கை நடுங்கியதா? எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாருங்கள், இவ்வளவு உஷாரான ஆள் நான்.

மூன்றாவது வண்டி பூப்பாறையில் ஒரு ஷெட்டுக்குள் நின்றது. லேண்ட்ரோவர். கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. சுப்பையா வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னக்கானல் பக்கம் நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் பெரிய துரை வண்டி அது. துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டான். புது மேனேஜர் நம் ஊர்க்காரர், அவருக்குச் சின்னக் கார். இதைத் தள்ளிவிட்டார்கள்.

எஸ்டேட்டில் வளராதவர்களுக்கு அந்த வண்டி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

மலை ரோட்டில் அது வருகிற சத்தம் கேட்டால், நடந்து போகிறவர்கள் எல்லாரும் ரோட்டை விட்டு ஓரத்து ஓடைக்குள் இறங்க வேண்டும். குடையை மடக்க வேண்டும். மழைக்குத் தலையில் போட்டிருக்கிற கொங்காணிச் சாக்கையும் எடுத்துவிட வேண்டும். வண்டி போகிறவரை தலையைக் குனிந்து நிற்க வேண்டும். மழை பெய்தால்? பெய்யட்டும். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. என் அப்பா நின்றார், அம்மா நின்றாள், சிலேட்டோடு நானும் நின்றேன். பிறகு யூனியன் வந்தது, கொடி வந்தது, ஸ்டிரைக் எல்லாம் வந்தது. ஓடையில் இறங்குகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த ஷெட்டில் காந்தம் என் பையிலேயே கிடந்தது. நான் கீழே படுக்கவில்லை. புகை நீலமா கறுப்பா என்று பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

"என்னண்ணே, ஆயிலாவது பாருங்க" என்றார் சுப்பையா. "நீங்க ஒண்ணும் பாக்காம சரிங்கிறது எனக்கே பயமாருக்கு."

வாங்கிவிட்டேன். அது பெட்ரோலைக் குடிக்கிற அழகை, மாடு கழுநீர் குடிப்பதைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எதற்காக வாங்கினேன்? மூட்டை ஏற்றவா? இல்லை. என் அக்காவுக்காக.

அக்கா பேச்சியம்மாள் அதே எஸ்டேட்டில்தான் போன வாரம் வரை தேயிலைக் கொழுந்து பறித்தாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். இல்லாவிட்டால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். நன்றாகவும் எழுதியிருப்பார்கள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. வயசாகிவிட்டது, புதன்கிழமையோடு அவளுக்குப் பேர் வெட்டு. அதாவது செக்ரோல் என்கிற ஆள் கணக்கில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். இனிமேல் என்னோடுதான் இருக்கப் போகிறாள்.

"பஸ் ஸ்டாப்புல வந்து நில்லுலே, போதும். அங்ஙன வரைக்கும் நாங்க வந்துருவோம்" என்று முன்னாடியே சொல்லியிருந்தாள்.

நான் கேட்டேனா? என் திட்டம் வேறு. துரை வண்டி லயத்து வாசலுக்கே போய் நிற்கும். முன்சீட்டில் அக்கா. ஆபீஸ் முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன். எல்லாரும் பார்க்க வேண்டும். பார்த்து? பார்த்து ஒன்றும் இல்லை, பார்க்க வேண்டும். துரை அவன் ஊரில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். நான் இங்கே அவனைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இப்போது பழைய வண்டி வாங்க யோசனை கேட்டு நாலு பேர் வருகிறார்கள். காந்தம் கொண்டு போ, கீழே படுத்துப் பார் என்று நானும் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த வண்டியில் உன்னை யார் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறாய்? அதற்குப் பதில் உடனே வந்தால், வாங்காதே.

புதன்கிழமை நல்ல சாரல். எஸ்டேட் எல்லைக்குள் நுழைந்ததுமே ஒரு கிழவர் ஓடையில் இறங்கிக் குடையை மடக்கினார். பொய் சொல்ல மாட்டேன்... எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றது. அடுத்து விறகுக் கட்டோடு ஒரு பெண். அவளும் இறங்கினாள். "அம்மா, நான் துரை இல்லை" என்று கத்த வேண்டும் என்று தோன்றியதா? தோன்றவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

மேல் வளைவில் இருந்து கீழ் ரோடு தெரியும். அங்கே ஒரு கூட்டம். குரவைச் சத்தம் மேலே வரை வந்தது.

எங்கள் எஸ்டேட்டுப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேர் வெட்டிய பெண்ணை, கூடக் கொழுந்தெடுத்தவர்கள் எல்லாரும் லயத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடத்திக் கூட்டி வருவார்கள். நடு ரோட்டில். பாட்டும் கேலியும் குரவையுமாக. அன்று யாருக்கும் ஒதுங்க மாட்டார்கள். கொழுந்து டிராக்டரே வந்தாலும் பின்னால் ஊர்ந்துதான் வர வேண்டும். ஒருத்திக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நடப்பது இது.

நான் இதை மறந்தே போயிருந்தேன். "அங்ஙன வரைக்கும் நாங்க வந்துருவோம்" என்று அவள் சொன்னதில் அந்த 'நாங்க' யார் என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

மேலிருந்து பார்த்தேன். தலையில் குடமும் அண்டாவுமாகப் பெண்கள். நடுவில் அக்கா, மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை. அவளுடைய சிநேகிதி மாரியாயி ஒரு குச்சியை இடுக்கிக்கொண்டு கங்காணி மாதிரி நடந்து காட்டினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷத்தில் என்ன செய்தேன்? ஹாரன் அடித்தேன்.

வளைவு திரும்பி வந்தபோது ரோட்டில் ஆள் இல்லை.

எல்லாரும் ஓடைக்குள் நின்றார்கள். குடம், அண்டா எல்லாம் கீழே இறங்கியிருந்தன. குடைகள் மடங்கியிருந்தன. ஒரு சத்தம் இல்லை. வரிசையின் நடுவில் என் அக்கா, மாலையோடு, கணுக்கால் தண்ணீரில், தலையைக் குனிந்துகொண்டு.

குதித்து இறங்கினேன். "அக்கா! நான்தான்!"

முதலில் மாரியாயிதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம பேச்சி தம்பிட்டி! தொரையில்ல!"

"தொர திரும்பி வந்துட்டாம்னுல்லா நெனச்சேன். இந்த மூதிக்கா சேலைய நனைச்சுக்கிட்டு நிக்கேன்?" என்றாள் இன்னொருத்தி.

"ஏலே, வண்டிய வாங்குனியே, தொர தொப்பிய வாங்கலியா?" என்று மாரியாயி கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏறுக்கா. முன்னால உக்காரு. ஒனக்காகத்தான் வாங்கினேன்."

"எனக்கு எதுக்குலே?"

"இல்லக்கா, ஆபீஸ் வழியா..."

"இத்தன வருசமும் இந்த ஓடையிலதான் நின்னேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "இன்னைக்கு ஒரு நாளுதாம்லே நடு ரோட்டுல நடந்து வந்தேன். அதுலயும் எறக்கி விட்டுட்டியே."

எனக்கு வாய் ரொம்ப நீளம் என்று உங்களுக்கு எல்லாம் தெரியும். அன்று குனிந்து, கீழே இருந்த அண்டாவைத் தூக்கினேன்.

பிறகு உளறினேன். "சரி, நீங்க நடங்க. நான் பின்னாலயே வாறேன்." பாத்திரங்களை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு, அவர்கள் பின்னால் ஊர்ந்தேன். நடு ரோட்டில்தான் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒவ்வொருத்தியாக ஓரத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்த என்ஜின் சத்தம் கேட்டால் அந்தக் கால்கள் வேறு எங்கே போகும்?

என்ஜினை நிறுத்திவிட்டேன். அவர்கள் நடந்து மறைந்தார்கள். மாரியாயி ஒரு தடவை குரவை எடுத்தாள். கூடச் சேர ஆள் இல்லை. பாதியில் நின்றுவிட்டது.

நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது அக்கா பஸ்ஸில் ஏறிவிட்டாள். அண்டாவும் குடமும் என் வண்டியில், அக்கா பஸ்ஸில். ஒரு முறைப்பு இல்லை, ஒரு திட்டு இல்லை. "சாமான் பத்திரம்" என்று மட்டும் ஜன்னல் வழியே சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பஸ் பூப்பாறை ரோட்டில் கிளம்பியது. பின்னாலேயே போனேன். அவ்வளவாவது செய்யலாம் என்று. காலி முன்சீட்டில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணாடியை ஏற்றக்கூடக் கை வரவில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், பஸ் டிரைவர் கண்ணாடியில் என் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். பஸ் மெதுவாகி, மலையோரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே என் அக்காவோடு.

நானும் நின்றேன்.

கண்டக்டர் கையை வெளியே நீட்டி, போகலாம் போகலாம் என்று ஆட்டினார். நான் நகரவில்லை. இறங்கி மழையில் ஓடி வந்தார். மலையாளத்துப் பையன், நல்ல பையன்.

"சாரே, வழி விட்டிட்டுண்டு. போய்க்கோளூ."

"நீங்க முன்னால போங்க தம்பி. நான் சும்மா பின்னால வர்றேன்."

"அய்யோ சாரே, அது சரியாகில்லா" என்றார். தலையில் கர்ச்சீப் போட்டிருந்தார். அதையும் எடுத்துவிட்டார்.

எனக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்று அலறியது. பஸ் அசையவில்லை. நான் போனால்தான் அது போகும். வேறு வழி? கியரைப் போட்டேன். பக்கத்தில் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்து, நனைந்த பூவை உதறிக்கொண்டிருந்தாள்.

ஏற்றம்தான். ஆனாலும் ஒரே மிதி, பஸ்ஸைத் தாண்டிவிட்டது. நல்ல பிக்கப்.