மேஜருக்கு அடித்த சல்யூட்

ராயபுரம் தாண்டி டோல்கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஊனப் பென்ஷன் கேட்டு நான் போட்ட அப்பீல் அன்று காலை தள்ளுபடியாகிவிட்டது. என்னோடு பட்டாளத்தில் இருந்த மாணிக்கம் கூடவே திட்டிக்கொண்டு வந்தான்.

பர்மாச் சண்டையில் என் வலது தோள் வெந்துபோனது. புண் ஆறியபோது தழும்பு தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கையை உயர்த்தினால் தழும்பு வெடித்து ரத்தம் கசியும். வெறும் தழும்புக்குப் பென்ஷன் கிடையாது, அது கையை முடக்கியிருந்தால்தான் உண்டு என்று சொல்லி முதல் மனுவைத் தள்ளியிருந்தார்கள். முடக்கியிருக்கிறது என்று காட்டத்தான் அப்பீலுக்குப் போனேன்.

அப்பீல் விசாரித்த அறையில் மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டர் மேஜர் உடுப்போடு உட்கார்ந்திருந்தார். பழைய பட்டாளத் தொப்பியோடு உள்ளே போன நான், அவரைப் பார்த்ததும் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டேன்.

“கை நன்றாகத்தானே எழும்புகிறது?” என்று சிரித்தார். சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. உள்ளே ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. கேட்காமல் அதிகாரி முன்னால் பேசக் கூடாது என்று பழகியிருந்ததால் வாய் திறக்காமல் நின்றேன்.

“இன்னா மாமு, கை தூக்க முடியலன்னு எழுதிக் குட்த்துட்டு அங்கியே தூக்கிக் காமிச்சிகினு வர்றே?” என்றான் மாணிக்கம்.

“மேஜரு குந்திகினு கீறாரு. அடிக்காம எப்டிடா?”

“அடிச்சே இல்ல? அவரையே சோறு போடச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தோளை வாங்கிக்கொண்ட பட்டாளம், அதைச் சொல்லிக் கேட்கும் வாயையும் வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை துறைமுகத்தில் கரி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கூடையைத் தலையில் ஏற்றி இடது கையால் பிடித்துக்கொண்டேன்.