காலண்டர் பெரியவரும் விளமீனும்

அம்மா இறந்த செய்தி வந்தபோது சவுதியில், ஜுபைலில் எங்கள் பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. யாருக்கும் லீவு கிடையாது, பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம். அடக்கம் முடிந்துவிட்டது என்று தங்கை போனில் சொன்னாள். சரி என்றேன். மறுநாள் டியூட்டிக்குப் போய் வால்வு பிரித்தேன். அழுகை வரவில்லை. பெற்றவளுக்கு அழாதவன் என்ன பிள்ளை என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்கும் அழுகை வரவில்லை.

கேம்பில் என் ரூமில் இருந்தவன் கடலூர்ப் பக்கத்து வெல்டர், சமையலில் கெட்டி. என்னைக் கேட்காமலே கவுச்சியை நிறுத்திவிட்டான். எழவு வீட்டில் கருமாதி முடியும்வரை மீனும் கறியும் கூடாதாம். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எங்களுக்கு அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. சாம்பாரோ ரசமோ, எல்லாம் ஒரே ருசிதான்.

கருமாதிக் கணக்கு முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. "அம்மாவுக்கு என்னண்ணே புடிக்கும்?" என்றான். விளமீன் என்றேன். இங்கே ஷேரி என்று விற்பார்கள். வாங்கிவந்து குழம்பு வைத்தான். அம்மாவுக்குப் படையலாம்.

படையல் போட ரூமில் இருந்த ஒரே வெறும் சுவரில் எங்கள் சபைக் காலண்டர் தொங்கியது. நான் ஊரிலிருந்து பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் திருச்சபையைத் திருத்தக் கிளம்பிய போதகரின் படம். நீண்ட நரைமுடி, கறுப்பு அங்கி, உயர்த்திய கை. இவனுக்கு அவர் சாமியார். சாமியார் என்றால் சைவம். கோழி வறுக்கும் நாளில் காலண்டரைத் திருப்பித் தொங்கவிடுவான்.

"இன்னைக்குத் திருப்ப முடியாதுண்ணே. அம்மா சாப்புடுறப்ப உங்க பெரியவரு மூஞ்சத் திருப்பிக்கிட்ட மாதிரி ஆயிடும். அவரு கவுச்சி சாப்புடுவாரா மாட்டாரா, கேட்டுட்டு வாங்க."

எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தச் சபையில்தான் இருக்கிறேன், அவர் என்ன சாப்பிட்டார் என்று யோசித்ததே இல்லை. பக்கத்து பிளாக்கில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் ஜெபம் நடந்தது. நடத்தியவர் திருநெல்வேலிக்காரர். முடிந்ததும் கேட்டேன்.

"கொஞ்ச வருசம் கறி தொடாம இருந்தாவ பிரதர். பொறவு சாப்பிட்டாவன்னும் சொல்லுதாவ. ஏன் கேக்கிய?"

சும்மாதான் என்றேன். படையலுக்கு என்று சொல்லியிருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

வந்து சொன்னேன். வெல்டர் கொஞ்சம் யோசித்தான். "விட்டும் பாத்திருக்காரு, தின்னும் பாத்திருக்காரு. அப்ப கோச்சிக்க மாட்டாரு."

காலண்டர் அப்படியே இருந்தது. அதன் கீழே தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நடுத்துண்டாகப் பார்த்து வைத்தான். ஒரு டம்ளர் தண்ணீர். நான் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். யார் வீட்டுச் சாவோ என்பதுபோல்தான் இருந்தது.

அவன் திரும்பி, "அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமாண்ணே? முள்ளு எடுத்து வெக்கட்டுமா?" என்றான்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. லீவில் போகும்போதெல்லாம் நான்தான் முள் எடுத்துக் கொடுப்பேன். நான் இல்லாத நாட்களில் மீனே வேண்டாம் என்றுவிடுவாள் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

"நான் எடுக்கிறேன்" என்று தரையில் உட்கார்ந்தேன். விளமீனுக்கு முள் பெரிது, சுலபமாக வந்துவிடும். அன்று முள் எது சதை எது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டே தெரியவில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அவன் எழுந்துபோய் லைட்டைப் போட்டான்.