பெட்டிக்குக் கட்டிய காசு

முந்நூற்றுப் பதினேழு. ஆறு வருஷத்தில் அவள் மற்றவர்களுக்குப் போட்டுக்கொடுத்த விமான டிக்கெட்டுகள் அத்தனை. தனக்கென்று போட்டது ஒன்றுகூட இல்லை. "ஊரையே பறக்க விடறே, நாம ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதில்ல" என்று அவள் புருஷன் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவான்.

வயது நாற்பத்து நான்கு. இறைச்சித் தொழிற்சாலையில் கொழுப்பு சீவும் மேசையில் பதினோரு வருஷம். எங்காவது கட்டணம் இறங்கினால் அவள் ஃபோன் 'டிங்' என்று ஒலிக்கும். அதனால் தொழிற்சாலைக்கே அவள் டிங் அக்கா.

அது கோபம் வந்தால் கத்தியைத் தேடி ஓட வேண்டிய இடமில்லை. எல்லார் கையிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும். தலைக்கு மேல் கொக்கிகளில் அரை உடல்கள் ஊர்ந்து வரும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, கைதான் பேசும். போன வருஷம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுக்காக ஒருவனுக்குப் பாதிக் காது போனது. அவளுடைய டிக்கெட்டாலும் ரத்தம் சிந்தியிருக்கிறது. ஒரு தடவை அடிமாட்டு விலையில் ஒரே ஒரு இருக்கை மிஞ்சியது. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அதற்காக லாக்கர் அறையில் கட்டிப் புரண்டார்கள். எழுந்தபோது ஒருவனுடைய முன்பல் தரையில் கிடந்தது. பல் போனவனுக்கே டிக்கெட் போட்டாள். "சிரிக்காம போய்ட்டு வா" என்று வழியனுப்பினாள்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. விலை ஒப்பிடும் தளங்கள் மூன்று. மூன்றிலும் ஊரையும் மாதத்தையும் குறித்து, விலை இறங்கினால் தகவல் வரும்படி வைப்பாள். மலிவான நாளை நாட்காட்டி பச்சையில் காட்டும். பக்கத்து விமான நிலையத்தையும் சேர்த்துத் தேடுவாள்.

"செவ்வாய்க்கிழமைதான் விலை இறங்குமாமே அக்கா?"

"விலைக்குக் கிழமை தெரியாதுடா. சீட் காலியா இருந்தா இறங்கும், நிறைஞ்சா ஏறும். நீ தேதியைக் கட்டிக்கிட்டு அழாதே. விலை எந்தத் தேதியில உக்காந்திருக்கோ அதுல ஏறு."

எவர் வந்தாலும் நாலு கேள்வி கேட்பாள். என்றைக்குப் போகணும், முன்னே பின்னே நகர்த்தலாமா, திரும்புவது எப்போது, பெட்டி உண்டா. பதிலிலேயே ஆளின் உள்வீடு தெரிந்துவிடும். சாவுக்குப் போகிறவர்கள் விலை கேட்பதில்லை. புது மாப்பிள்ளை ஒரு மணி நேரம்கூட நகரமாட்டான். வேலையை விட்டு ஓடப்போகிறவனோ திரும்பும் தேதியைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவான்.

ரம்பக்காரர் அவளிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அவள் மேசைக்கு நாலடி தள்ளி எலும்பு அறுக்கும் ரம்பத்தில் நிற்பவர். ஐம்பத்தாறு வயது, மனைவி இல்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்; ஒரே டீப் பையை இரண்டு கோப்பைக்கு முக்குகிறவர்.

"தங்கச்சி, மக ஊருக்கு ஒரு டிக்கெட் பாரு."

"என்னைக்குண்ணே?"

"எந்த நாளும் சரி. வர்ற திங்கக்கிழமை காலையில நான் அங்க இருக்கணும்."

"திரும்ப?"

"அது அப்புறம்."

அந்த மகளின் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அப்பன் பேச்சை நிறுத்திவிட்டார். போன வருஷம் புருஷன் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் முகத்தில் வைத்து அழுத்தினான். இடது கண் போயிற்று. அவனுக்கு ஒரு வருஷச் சிறை; அவள் கைக்குழந்தையோடு தனியே. சேதி வந்த அன்று ரம்பக்காரர் வேலை நேரம் முடிந்தும் ரம்பத்தை நிறுத்தவே இல்லை. சூப்பர்வைசர் வந்து மின்சாரத்தை அணைக்க வேண்டியிருந்தது.

கல்லும் கரைந்துவிட்டது, மகளைப் பார்க்கப் போகிறார் என்று டிங் அக்காவுக்குச் சந்தோஷம்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் ஒலித்தது. சனிக்கிழமை காலை விமானம், வழக்கமான விலையில் மூன்றில் ஒரு பங்கு, நாலே இருக்கை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டிக்கெட் விவரங்களைத் தட்டினாள். அவசரத்துக்கு இன்னொரு எண் கேட்டது தளம். அவர் கொஞ்சம் யோசித்து மகளின் எண்ணைச் சொன்னார்.

"பெட்டி இல்லைதானேண்ணே? முதுகுப்பைன்னா இலவசம்."

"போடு. விமானத்துக்கு அடியில ஏத்தற பெட்டி ஒண்ணு."

"அது டிக்கெட்ல பாதி ஆகும்ணே! அப்படி என்ன சாமான்?"

"ஒரு கிலோ இருக்கும்."

"ஒரு கிலோவுக்கா? தலையில முண்டாசு கட்டி எடுத்துட்டுப் போலாமே."

"போடுன்னா போடு." ரொக்கத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மதியம் சீவிக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினாள். ரம்பக்காரர் தன் சொந்தக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் ஒல்லிக் கத்தி. வேறு யாரையும் தொடவிடமாட்டார், துணியில் சுற்றி வைத்திருப்பார். தீட்டும் கோலையும் சேர்த்தால் ஒரு கிலோ வரும். முதுகுப்பையில் வைத்தால் சோதனையில் பிடித்துவிடுவார்கள். அடியில் போகும் பெட்டியில் போகும்.

அவள் கையிலிருந்த கத்தி வழுக்கி, இடக்கையின் இரும்பு வலைக் கையுறையில் உரசி நின்றது. கையுறை இல்லையென்றால் விரல் ஓடும் பெல்ட்டில் இறைச்சியோடு போயிருக்கும்.

சாயங்காலம், டிக்கெட்டுக்குக் கொடுத்த எண்ணில் அவர் மகளுக்கு ஃபோன் செய்தாள். அப்பா வருவதே அவளுக்குத் தெரியாது.

"அவன் திங்கக்கிழமை வெளியில வர்றான் அக்கா. பத்து மணிக்கு. மிச்சக் கண்ணுக்கும் வழி பண்றேன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கான்." டிங் அக்கா பெட்டியையும் கத்தியையும் பற்றிச் சொன்னதும் அவள் குரல் உயர்ந்தது. "அப்பா அவனை வெட்டிட்டு உள்ள போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

"நீ குழந்தையைத் தூக்கிட்டு இங்க வந்துடேன்."

"வான்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலையே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? இருக்கறதே பாதி மூஞ்சி."

"போலீஸ்ல சொல்லிடு" என்றான் டிங் அக்காவின் புருஷன் இரவில்.

"என்னன்னு? ஒருத்தர் பெட்டிக்குக் காசு கட்டினாருன்னா?"

அந்தத் தளத்தில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். வியாழன் காலை டீ இடைவேளையில் ரத்து செய்தாள். ஆனால் அது ஒருநாள் தடுப்புதான். நேரே விமான நிலையக் கவுண்டரில் மூன்று மடங்கு கொடுத்துக்கூட அவர் ஏறிவிடலாம். பேசித்தான் ஆகவேண்டும். அவர் கொடுத்த ரொக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு மதியம் லாக்கர் அறைக்குப் போனாள்.

"அண்ணே, டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "விளையாடாதே."

"உங்க மககிட்ட பேசினேன்."

"உன்னை யாருடி பேசச் சொன்னது? நீ டிக்கெட் போடற மெஷினு. மெஷினுக்கு எதுக்கு வாயி?"

போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. "வெட்டப் போறதுக்கு டிக்கெட் கேட்டீங்க. ஒரு வருஷமா அந்தப் பொண்ணு ஒத்தக் கண்ணோட கிடக்கறா. அவளை இங்க கூட்டிவர ஒரு டிக்கெட் கேட்டீங்களா? வான்னு கூப்பிடறதை விட வெட்டறது உங்களுக்குச் சுலபமாப் போச்சு, இல்ல?"

முதலில் அவள் ஃபோன் சுவரில் மோதிச் சிதறியது. அடுத்து ஏப்ரனின் கழுத்துப் பட்டையைப் பிடித்து அவளை இழுத்து லாக்கரில் மோதினார். மறுபடி மோதினார். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. விழாமலிருக்க அவள் லாக்கரின் விளிம்பைப் பிடித்தாள். அவர் இரும்புக் கதவை முழு பலத்தோடு அந்தக் கையின் மீது அடித்துச் சாத்தினார். எலும்பு முறியும் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான், நாலடி தள்ளி தினமும் கேட்பது. தன் கையிலிருந்து கேட்டபோது அடையாளம் தெரியவில்லை. கதவு மறுபடி வந்தது. ஓடிவந்த நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவர் காலால் உதைத்துக்கொண்டே போனார். கடைசி உதை விலாவில் விழுந்தது.

வலக்கையில் இரண்டு விரல் நொறுங்கியிருந்தன. நெற்றியில் ஏழு தையல். இனிக் கத்தி பிடிப்பது கஷ்டம், லேபிள் ஒட்டப் போகலாம் என்றார் டாக்டர். கூட வேலை செய்கிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"பொண்ணைப் பெத்த மனசு அக்கா, விட்டுடு. ஆஸ்பத்திரி செலவு நாங்க பாத்துக்கறோம்."

அவள் வாக்குமூலம் வாங்க வந்திருந்த போலீஸ்காரரைப் பார்த்தாள். "நான் எழுதிக் கொடுத்தா எத்தனை நாள் உள்ள வெப்பீங்க?"

"ரெண்டு வாரத்துக்குக் குறையாது."

"அப்ப பேனா கொடுங்க."

இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். வெளியே போகும்போது ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள்: "டிக்கெட் போட்டுக் கொடுத்தவ, இப்ப ஆளையே போட்டுக் கொடுத்துட்டா."

வெள்ளிக்கிழமை மாலை, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ரம்பக்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு கை மிச்சம் இருக்கு உனக்கு" என்றார், திரும்பாமலே.

அவள் புருஷனின் ஃபோனில் மகளைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்து, கம்பிக்குள் நீட்டினாள். "அப்பா" என்றது ஃபோன். அவர் அசையவில்லை. மகள் மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. குழந்தை எதையோ கீழே போட்டு உடைக்கும் சத்தம் வந்தது. நீட்டிய கை மரத்துப்போகும் வரை அவள் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வீட்டுச் சாவி மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி இருக்கு" என்றார் ரம்பக்காரர் சுவரிடம். "பூட்டு இறுகலா இருக்கும். தூக்கித் திருப்பணும்."

விலை இறங்கும் தகவலுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஸ்டேஷன் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அன்றைய விலைக்கே அவர் மகளுக்கு டிக்கெட்டை இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். குழந்தைக்கு இரண்டு வயது முடிய இன்னும் ஒன்பது நாள். மடியில் வைத்துக்கொள்ளலாம், தனி இருக்கை வேண்டாம்.

ஞாயிறு மாலை நாலு இருபதுக்கு அவர்கள் விமானம் இங்கே இறங்குகிறது. திங்கள் காலை பத்து மணிக்கு மகளின் புருஷன் வெளியே வருகிறான்.