விருத்தாசலத்தில் எண்கள் எரிந்துபோன நாள்

காலை 6.10. திருச்சி ஜங்ஷனில் முப்பது ரூபாய் டிக்கெட்டோடு பாசஞ்சரில் ஏறினேன். விருத்தாசலம் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். எப்படியும் ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று நம்பியிருந்தேன். பாவி ரயில், எட்டே முக்காலுக்கு டாண் என்று கொண்டுபோய் இறக்கிவிட்டது. நான் பார்த்து எழுத வந்த பீங்கான் ஓவியச் சுவரின் திறப்பு விழாவோ மாலை நான்கு மணிக்கு.

ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன்.

"பீங்கான் சுவருக்கா? அந்தப் புள்ளைங்களுக்குப் படம் வரையச் சம்பளம் குடுக்கறாங்களாம்மா. எனக்குக் குடுத்தா நான் ஆட்டோவ வித்துட்டு வந்துடுவேன்" என்றார்.

"வரையத் தெரியுமா?"

"சம்பளம் வந்தா கத்துக்க மாட்டனா?"

அவர் சொன்னது உண்மைதான். கலைக்குழு ஒன்று இந்த வட்டாரத்து இளைஞர்கள் எட்டுப் பேரை நான்கு மாதச் சம்பளத்தில் அமர்த்தியிருக்கிறது. பீங்கான் பட்டறையில் டைல்ஸ் வார்த்து, வரைந்து, சுட்டு, ஒரு படிப்பகத்தின் தெருப்பக்கச் சுவரில் பதிக்க வேண்டும். பத்தடி அகலம், ஆறடி உயரம், ஆறங்குல டைல்ஸ் இருநூற்று நாற்பது. மணிமுத்தாறும் அதன் கரையில் ஊரும்தான் படம். நிஜ ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரைக் காணோம். சுவரில் அதைக் கரைபுரள ஓடவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

9.30. நான் படிப்பக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூளையிலிருந்து வந்த பெட்டிகள் திறந்து கிடந்தன. குழுத் தலைவி சுகன்யா, இருபது வயசுப் பெண், ஒவ்வொரு டைல்ஸாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் எல்லாமே பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

"நம்பரைக் காணும்க்கா" என்றாள் என்னிடம். அதற்கு முன் நாங்கள் போனில் ஒருமுறைதான் பேசியிருக்கிறோம். "நான்தான் மார்க்கர்ல எழுதுனேன். சூளையில எரிஞ்சு போச்சு."

பட்டறையில் எல்லோரும் ஈர மண்ணிலேயே ஆணியால் எண்ணைக் கீறிவிடுவார்களாம். இவளுக்குக் கீறல் கோணலாகப் பட்டிருக்கிறது. காய்ந்த பிறகு மார்க்கர் பேனாவால் முத்து முத்தாக எழுதினாள். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற சூளைக்குக் கையெழுத்து அழகெல்லாம் ஒரு பொருட்டா? எந்த டைல்ஸ் எங்கே போகும் என்று சொல்ல இப்போது எதுவுமில்லை.

நான்கு மணிக்குத் திட்டப் பொறுப்பாளர் மேடம் வருவார். சுவர் முடிந்திருந்தால் இதே எட்டுப் பேருக்கு இன்னொரு சுவர், இன்னும் ஆறு மாதச் சம்பளம். முடியாவிட்டால் அந்த வேலை வேறு ஊருக்குப் போய்விடும். சுகன்யாவின் அப்பா கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயம் பார்ப்பவர். இந்த வேலை நிலைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"அங்கயும் சம்பளம் இருக்குது. ஆனா வரைய முடியாதுல்லக்கா" என்றாள். பையை ஓரமாகப் போட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

10.15. செல்போனில் இருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துக் கோபுரம், கடைத்தெரு, முந்திரி விற்கும் பெண் எல்லாம் சீக்கிரமே சேர்ந்துவிட்டன. தெருவில் போனவர்களும் நின்றுவிட்டார்கள். காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா, "அது பஸ்ஸோட பின்பக்கம். சேத்தியாத்தோப்பு போர்டு முன்னாடில்ல வரணும்" என்று திருத்திவிட்டு, பையைக் கீழே வைத்துக் குந்திவிட்டார். கொத்தனார் செல்வம் மேலிருந்து பதிக்க ஆரம்பித்தார்.

12.30. ஊர் முடிந்து ஆறு ஆரம்பித்தது. வெறும் நீலத்தில் தொண்ணூறு டைல்ஸ். எதை எதோடு வைத்தாலும் பொருந்துவது போலிருந்தது, ஒட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை.

"அடுத்த பசையக் கலக்கட்டுமா, வேணாமா? கலந்துட்டா அரை மணி நேரத்துல கல்லாயிடும்" என்றார் செல்வம். சுகன்யா இரண்டு நீல டைல்ஸை மறுபடி ஒட்டிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போது ஆண்டனி என்கிற பையன் ஒரு டைல்ஸை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தான். "இது என் தண்ணி" என்றான்.

"என்னது?"

"நான் வரைஞ்சது. நான்தான் அலைய முடிக்கற எடத்துல இப்படிச் சுழிப்பேன். அதோ, அந்தத் தடிச்ச கோடு பிரியாவோடது. அவ பிரஷ்ஷ அழுத்தி அழுத்திப் போடுவா."

ஆற்றை எட்டுப் பாகமாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வரைந்திருந்தார்கள். அவ்வளவுதான், எட்டுப் பேரும் நீலக் குவியலில் விழுந்து தேட ஆரம்பித்தார்கள். "என் தண்ணிய எடுத்துட்டாண்டா", "ஒன் தண்ணி எனக்கெதுக்கு, சேறு மாதிரி இருக்குது" என்று ஒரே சிரிப்பு. ஆளுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான். அதற்குள் அலையோடு அலை சேர்ப்பது பெரிய காரியமாக இல்லை.

"கலங்கண்ணே" என்றாள் சுகன்யா.

3.35. ஒரு டைல்ஸ் குறைந்தது. பெட்டி, வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் உதறியாயிற்று. கடைசியில் அது என் டீ கிளாஸுக்கு அடியில் இருந்தது. பன்னிரண்டு ரூபாய் டீக்குத் தட்டு மாதிரி இருக்கிறதே என்று நான்தான் வைத்திருக்கிறேன். யாரும் என்னைத் திட்டவில்லை. காய்கறி அம்மா மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

4.10. மேடம் வந்தார். கடைசி வரிசையில் பசை இன்னும் ஈரம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்குது. ஆனா தண்ணி ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி ஓடுதே?"

சுகன்யா பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மார்க்கர் பேனாவில் தொடங்கி முழுசையும் சொன்னாள், தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு தண்ணி எது?"

எட்டுக் கைகள் எட்டு இடங்களைக் காட்டின. மேடம் சிரித்துவிட்டார். "திங்கக்கெழம எல்லாரும் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. அடுத்த சுவருக்கு" என்றார். ஆண்டனி செல்வத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். என் சேலையெல்லாம் பசை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

5.30. போனில் செய்தி கேட்ட சுகன்யாவின் அப்பா, வயலிலிருந்து நேராக பஸ் ஏறி வந்துவிட்டார். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். திரும்பி வந்து, ஆற்றின் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதான நீ வரைஞ்சது?"

"எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?"

"சின்னப் புள்ளையில வூட்டுச் செவுரு பூரா இதத்தான கிறுக்கி வச்சிருந்த. நான் ரெண்டு தடவ வெள்ளையடிச்சேன்."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள், அழுதாள். நான் பையை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

இரவு 7.20. திரும்பும் ரயில் பெண்ணாடம் தாண்டியது. என் மகளும் ஐந்து வயதில் எங்கள் ஹால் சுவரில் ஏதோ வரைந்தாள். நான் திட்டியது நினைவிருக்கிறது, சுண்ணாம்பு அடித்தது நினைவிருக்கிறது. என்ன வரைந்தாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பெங்களூரில் வேலையில் இருப்பவளைக் கூப்பிட்டுக் கேட்டே விட்டேன்.

"யானைம்மா" என்றாள் உடனே. "குடும்பத்தோட. நீயும் அதுல இருந்த."