ஊதுகிறவர் மூச்சை இழுக்கக் கற்றது

ஜெயராஜைப் பெரிய கலைஞர் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். கண்டி நகரில் ஒரு துணிக்கடையில் திரைச்சீலைத் துணி அளந்து வெட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. மார்ச் மாதம் பிறந்தால் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் மெட்ச் நடக்கும் மைதானத்தில், பிள்ளைகளை ஆட வைக்கும் பப்பரே பேண்டில் முதல் ட்ரம்பெட் ஊதுவது அவருடைய சந்தோஷம். இரண்டையும் அவர் ஒருநாளும் ஒன்றோடொன்று கலந்ததில்லை. துணியை ஓர் அங்குலம் கூடக் குறைய வெட்டாதவர், மைதானத்தில் மட்டும் கணக்கு வழக்கில்லாமல் ஊதுவார்.

நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கோயில் பேண்டில் ஊதப் பழகி, இருபது வயதில் கண்டிக்கு வந்தவர். இப்போது ஐம்பத்து நான்கு. அம்பிட்டியவில் மேட்டுப் பக்கமாக ஒரு சிறிய வீடு, மனைவி ரத்தினம்மா. அவருடைய ஊதலில் நுணுக்கம் அதிகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு பைலா மெட்டை அவர் தொடங்கினால் நிற்கிறவர்களின் கால் தானாக ஆடும். அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஜனவரியில் அவருக்குச் சளியும் தும்மலுமாகத் தடிமன் பிடித்தது. தடிமன் போனது, நெஞ்சிறுக்கம் போகவில்லை. பாட்டின் முதல் வரி வந்தது. இரண்டாவது வரியின் நடுவில் காற்று தீர்ந்தது. கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் அடித்து உள்ளே இழுக்கும் இரண்டு பம்ப் கொடுத்தார்கள். ஒன்று நீலம், மற்றது மண்ணிறம். நீலத்தை அடித்தார், குணம் தெரியவில்லை. மண்ணிறத்தை நான்கு நாள் அடித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டார். சில நாளில் புதிதாக ஒன்று சேர்ந்தது: விரல்கள் நடுங்கின. ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளையும் அமுக்க வேண்டிய விரல்கள்.

பேண்டின் தலைவர் அரூஸ், பெரிய மேளம் அடிப்பவர், முப்பது வருடச் சிநேகிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் ஜெயராஜைத் தனியே கூப்பிட்டார்.

"மச்சான், நீ கோவிக்க வாணாம். மெட்சுக்கு இன்னும் நாலு கெழமதான் ஈக்கிது. ரெண்டாவது வரியில மூச்சில்லாம நீ நின்டு பெய்த்துட்ற. மொத ட்ரம்பெட்ட, ரெண்டாவது ட்ரம்பெட் ஊதுற ஷப்ராஸுக்குக் குடுக்கப் போறேன்."

"நான்?"

"தாளத்தப் புடி."

"தாளமா? முப்பத்திரண்டு வருஷம் ஊதிட்டு, ரெண்டு பித்தளத் தட்ட வச்சித் தட்டிக்கிட்டு நிக்கவா?"

"தாளத்துக்கு மூச்சுத் தேவையில்லதானே மச்சான்."

அது உண்மை என்பதால்தான் வலித்தது. அரூஸும் அதை உணர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மெட்சுக்கு முந்தின ஞாயித்துக்கெழம ஒத்திகைக்கு வா. ஊதிக் காட்டு. ஏலுமெண்டா எடம் ஒனக்குத்தான்" என்றார்.

அடுத்த கிளினிக் நாளில் ஜெயராஜ் டொக்டரிடம் இன்னும் வலுவான மருந்து கேட்டார். டொக்டர் மருந்துத் துண்டில் எதுவும் எழுதவில்லை. "இருக்கிற மருந்த எப்படி எடுக்கிறீங்கன்னு முதல்ல பக்கத்து அறையில நர்ஸ்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பினார். கூட வந்த ரத்தினம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். மூன்று மணித்தியாலம் வரிசையில் இருந்தது இதற்கா?

பக்கத்து அறையில் இருந்தவர் கஜாலினி. யாழ்ப்பாணத்துப் பெண், கண்டிக்கு வேலைக்கு வந்து பதினொரு வருடம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மருந்தைச் சரியாக எடுக்கிறீர்களா என்று எந்த நோயாளியிடமும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல. தான் செய்வது பிழையாக இருக்கலாம் என்று மனிதனுக்குத் தானாகத் தோன்றுவதில்லை.

முதலில் ஜெயராஜின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகும் கையை விடவில்லை. இன்னொரு நிமிடம் போனது.

"மிஸ், மொத நிமிஷம் நாடி பாத்தீங்க. ரெண்டாவது நிமிஷம் என்னத்த எண்ணுனீங்க?"

"ஏன் அண்ணை கேக்கிறியள்?"

"ஒங்க உதடு வேற தாளத்துல ஆடிச்சி."

கஜாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினொரு வருசத்திலை ஒருத்தரும் பிடிக்கேல்லை. மூச்சைத்தான் எண்ணினனான். எண்ணப்போறன் எண்டு சொன்னா ஆக்கள் மூச்சை மாத்திப்போடுவினம். உங்கட மூச்சு இருபத்திநாலு, நாடி நூற்றெட்டு, கையும் நடுங்குது. காலமையிலை இருந்து எத்தினை தரம் நீலப் பம்ப் அடிச்சனீங்கள்?"

"எட்டு."

"பத்து மிஸ்" என்றார் ரத்தினம்மா. "ரெண்டு எனக்குத் தெரியாம பின்பக்கம் போய் அடிச்சாரு."

கஜாலினி அதை எழுதிக்கொண்டு, மருந்தில்லாத வெறும் பம்ப் ஒன்றை நீட்டினார். "எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்."

ஜெயராஜ் பம்பைக் குலுக்கவில்லை. ட்ரம்பெட்டை வைப்பதுபோலவே உதட்டை இறுக்கி அதில் பொருத்தினார். அமுக்கிய அதே கணத்தில் வாயோரத்தால் சட்டென்று ஒரு மூச்சைப் பிடுங்கினார். பிடுங்கியதை உடனே 'பூ' என்று ஊதிவிட்டார். முழுவதும் ஒரு விநாடிதான். பைலா வாசிக்கிறவருக்கு வரிக்கும் வரிக்கும் இடையில் அவ்வளவுதான் நேரம் கிடைக்கும்.

"அண்ணை, என்ன தொழில் செய்யிறியள்?"

"துணி வெட்டுறேன். ட்ரம்பெட் ஊதுறேன்."

"அதுதானே பாத்தன்."

கஜாலினி ஒரு தாளில் மரக்கிளைபோலப் பிரியும் குழாய்களை வரைந்தார். நெஞ்சுக்குள் காற்றுப் போகும் குழாய்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தசை. தடிமன், தூசி, குளிர் ஏதாவது உரசினால் அந்தத் தசை இறுகிக் குழாயை நெரிக்கும். நீலப் பம்பின் மருந்து அங்கே போய்ச் சேர்ந்தால் தசை சில நிமிடங்களில் தளரும், குழாய் விரியும், நாலைந்து மணித்தியாலம் அப்படியே இருக்கும்.

"போய்ச் சேந்தாத்தான். நீங்கள் அடிக்கிறதிலை முக்கால்வாசி நாக்கிலையும் பல்லிலையும் ஒட்டுது. அதை விழுங்குறியள். வயித்துக்குப் போய், ரத்தத்திலை கலந்து, நெஞ்சு படபடக்குது, விரல் நடுங்குது."

"அப்ப விரல் நடுங்குறது வயசால இல்லியா?"

"மருந்தாலை. சுவாசக் குழாய்க்குப் போகவேண்டியது விரலுக்குப் போயிருக்கு."

ஜெயராஜ் தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய ஊதலே முடிந்துவிட்டது என்று அவர் ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தது அந்த நடுக்கத்தால்தான்.

அடுத்து கஜாலினி ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, முழுப் பலத்தோடு ஒரே ஊதாக ஊதச் சொன்னார். உள்ளிருக்கும் முள் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அவருடைய மூச்சின் வேகம். ஊதவேண்டும் என்றதும் ஜெயராஜுக்கு முகம் மலர்ந்தது. ஊதினார். முள் எழுநூறில் போய் நின்றது.

ரத்தினம்மா கை தட்டினார். கஜாலினி தட்டவில்லை.

"இது உங்கட நெஞ்சு இல்லை அண்ணை, நாக்கு. கன்னத்திலை காத்தை அடக்கி, நாக்காலை துப்பிறியள். எனக்கு நாக்கு வேண்டாம். வாயை வடிவா மூடி, நாக்கைக் கீழை விட்டிட்டு ஊதுங்கோ."

இருநூற்றெழுபது. அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் ஐந்நூறைத் தாண்டியிருக்க வேண்டும்.

கஜாலினி டொக்டரிடம் போய், நாடியையும் காலையில் அடித்த பத்தையும் சொல்லி, இன்னும் இரண்டு தரம் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு பம்பைக் குலுக்கி, ஒரு பெரிய பிளாஸ்டிக் கூட்டின் முனையில் பொருத்தினார். மருந்து முதலில் கூட்டுக்குள் நிற்கும். அங்கிருந்து ஆறுதலாக இழுக்கலாம். "முதல் உள்ளை இருக்கிற காத்தை வெளியிலை விடுங்கோ. மூச்சு முட்டுக்காரருக்கு உள்ளை எடுக்கிறதிலும் பாக்க வெளியிலை விடுறதுதான் கஷ்டம். பழைய காத்து போகாட்டி புதுசுக்கு இடமேது? ஆ, இப்ப இழுங்கோ. அஞ்சு எண்ணுற மட்டும். பத்து எண்ணுற மட்டும் அடக்கி வையுங்கோ."

காற்றுப் போதவில்லை என்றே ஒரு மாதம் போராடியவருக்கு, போகாத காற்றுதான் இடத்தைப் பிடித்திருந்தது என்பது புதிய செய்தி. மெதுவாக இழுத்தார். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தரம். கால் மணித்தியாலம் கழித்து அதே குழாயை ஊதினார். முந்நூற்றைம்பது.

"மிஸ், இன்னும் நாலு அடிச்சா எழுநூறு வருமா?"

"வராது. ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வரும். நீலம் தேவைப்பட்டா மட்டும். உள்ளுக்கை இருக்கிற வீக்கத்தை வத்த வைக்கிறது மண்ணிறம்தான். அது எடுத்த உடனை ஒண்டும் தெரியாது. ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் எடுக்கோணும், எடுத்தாப் பிறகு வாய் கொப்பளிக்கோணும். நாலு மணித்தியாலத்துக்குள்ளை திரும்ப நீலம் தேவைப்பட்டாலோ, ஒரு வசனத்தை ஒரே மூச்சிலை சொல்லி முடிக்க ஏலாட்டியோ உடனை வாங்கோ."

"அவரு ஒரு வசனத்தையும் ஒழுங்கா முடிச்சதே இல்ல மிஸ்" என்றார் ரத்தினம்மா. "அப்ப தெனமும் வரவா?"

அன்றிலிருந்து அம்பிட்டிய வீட்டில் மண்ணிறப் பம்ப் பல்துலக்கும் தூரிகையோடு ஒரே கோப்பையில் நின்றது. நீலத்தை ரத்தினம்மா எடுத்து ஒளித்து வைக்கவில்லை. அவசரத்துக்குக் கைக்கெட்ட வேண்டும் என்று கஜாலினி சொல்லியிருந்தார். ஆகவே அடிக்கும்போதெல்லாம் கலண்டரில் ஒரு கோடு போட வைத்தார். முதல் வாரத்தில் ஒன்பது கோடு. இரண்டாம் வாரத்தில் மூன்று.

இடையில் ஒருநாள் கிளினிக்கில் பம்பை எடுத்துக் காட்டியபோது கஜாலினி நெற்றியைச் சுருக்கினார். "பத்து எண்ணினனீங்களோ?"

"எண்ணுனேனே."

"என்ன தாளத்திலை?"

"பைலாவுல."

"அதுதான் நாலு செக்கன்லை முடிஞ்சுபோச்சு. கோயில் பாட்டொண்டும் தெரியாதோ?"

தெரியும். பன்னிரண்டு வயதில் முதன்முதல் ஊதிய பாட்டே பூசையில் பாடுகிற மெதுவான பாட்டுத்தான். அந்த வேகத்தில் எண்ணினார். பத்து என்பது எவ்வளவு நீளமானது என்று அவருக்கு வியப்பாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் காற்றைச் சும்மா வைத்திருப்பது, ஊதுவதற்கே பழகியவருக்கு இலகுவான காரியமல்ல. மூன்றாம் வாரம் முள் நானூற்று நாற்பதில் நின்றது. ஊதலாம் என்று டொக்டர் சொன்னார். ஊதுவதற்குக் கால் மணித்தியாலத்துக்கு முன் நீலம் இரண்டு தரம், அதற்கு மேல் கூடாது, மூச்சு முட்டினால் நிறுத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கட்டுகஸ்தோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ஒத்திகை. ஜெயராஜ் ட்ரம்பெட் பெட்டியைத் திறந்து, கிளினிக்கில் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கூட்டை வெளியே எடுத்தார்.

"என்ன மச்சான், புது வாத்தியமா?" என்றார் அரூஸ்.

"ஆமா. உள்ளுக்கு ஊதுற வாத்தியம்."

இழுத்தார், அடக்கினார். அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து மூச்சை அடக்கினார்கள். பத்தாவது எண்ணில் ஷப்ராஸ்தான் முதலில் மூச்சு விட்டான். கால் மணித்தியாலம் கழித்து அரூஸ் மேளத்தைத் தொடங்கினார்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியின் நடு வந்தது, போனது. விரல்கள் போகவேண்டிய இடத்துக்குப் போயின. மூன்றாவது வரியில் அரூஸ் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார். ஜெயராஜ் கூடவே போனார். அரூஸ் பாட்டை முடிக்காமல் திரும்பவும் முதலுக்குப் போனார். ஐந்தாவது சுற்றில் ஜெயராஜ் தானாகவே ட்ரம்பெட்டைத் தாழ்த்தினார்.

"ஏன், ஏலாதா?"

"ஏலும். நாலு சுத்து நான், ஒரு சுத்து ஷப்ராஸு. அந்த நேரத்துல நான் காத்த வெளிய விட்டுக்கிறேன்."

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் யாருக்கும் ஒரு சுற்றுக் கொடுத்ததில்லை. அரூஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எடம் ஒனக்குத்தான்" என்றார். "அப்ப தாளத்துக்கு எவனத் தேடுற? யா அல்லாஹ்."

மெட்ச் நாள் வெயிலாக விடிந்தது. ரத்தினம்மா கலண்டரையே பையில் போட்டுக்கொண்டு, மைதானத்துக்கு முதன்முறையாக வந்திருந்தார். காலையில் ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு, அதற்குமேல் இல்லை. ஆட்டம் வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தாங்கள்தான் வென்றோம் என்று கொடியைத் தூக்கிக்கொண்டு கலந்து ஆடினார்கள். பேண்டுக்குப் பேசிய நேரம் ஐந்து மணி. ஐந்தே காலுக்கு அரூஸ் மேளத்தைக் கழுத்திலிருந்து இறக்கப் போனார், பிள்ளைகள் விடவில்லை.

"மச்சான், இன்னம் ஒண்டு கேக்குறாங்க. ஏலுமா?"

ஜெயராஜ் உள்ளிருந்த காற்றை மெதுவாக, முழுவதுமாக வெளியே விட்டுப் பார்த்தார். விசில் சத்தமில்லாமல், தடையில்லாமல், கடைசிவரை போனது.

"ஏலும்" என்று சொல்லிவிட்டு, ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து, வாயோரத்தால் சட்டென்று ஒரு மூச்சைப் பிடுங்கினார்.