வலது கைப் பிரேக்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது: பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது வெளியிலும் நடக்கும் என்று நம்புவேன். தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இந்தக் கோளாறு கிடையாது என்பது, தெலுங்கும் உருதுவும் பேசும் லோத்குண்டாவுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு பாறை மேட்டில் இருக்கிறது. வீடுகளிலிருந்து கேட்டுக்கு நல்ல சரிவு. கேட்டைத் தாண்டினால் நேராக, லாரியும் பஸ்ஸும் ஓடும் மெயின் ரோடு. மொட்டைமாடியில் இருக்கும் ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். உப்பல் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. தினமும் சைக்கிளில் போய்வருகிறேன்.

போன மழைக்காலத்தில் பி பிளாக் சிறுமி ஒருத்தி அந்தச் சரிவில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து, குப்புற விழுந்து, முன்பல்லில் பாதியை இழந்தாள். குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயுதம் செய்கிற இடத்தில் இருந்தவர் என்பதால் ஆபத்தைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் பார்த்தது கேன்டீன் நிர்வாகம் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

எல்லாச் சைக்கிள்களிலும் முன் பிரேக்கை அகற்றுவது என்று முடிவாயிற்று. முன் எது, பின் எது என்று வாட்ச்மேனுக்குக் குழப்பம் வரக் கூடாதே என்பதற்காக, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சர்க்குலரில் ‘வலது கைப் பிரேக்’ என்றே போட்டார்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலது கைதான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். வாட்ச்மேன் ஸ்பேனரோடு கிளம்பி ஒரே காலையில் குடியிருப்பைப் பாதுகாப்பாக்கிவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்ததால் என் சைக்கிள் மட்டும் தப்பியது.

அன்று சாயங்காலமே செயலாளரைப் போய்ப் பார்த்தேன்.

“சார், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால வந்துடும். பின் சக்கரம் லேசாயி வழுக்கும். அதனால வண்டியை நிறுத்தறதுல பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான். ரெண்டையும் சேத்து, மெல்ல மெல்ல அழுத்தி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிட்டா விழ மாட்டோம். மழைல ரிம் நனைஞ்சிருந்தா இன்னும் தூரத்துலயே பிடிக்க ஆரம்பிக்கணும். பாப்பாவுக்கு இதைச் சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“இதெல்லாம் எங்கேப்பா படிச்சே?”

“ஸ்கூல்லயே வருது சார்.”

“அதான் பாத்தேன். நாங்கள்லாம் ஸ்கூலைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம்.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டிடு. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லி ஓனர்ட்ட பேசும்படி ஆயிடும். ஒரு பிரேக் போறுமான்னு உனக்குச் சந்தேகமா இருந்தா, அன்னிக்குக் காலைல நானே சரிவுல இறங்கிக் காட்டறேன், வந்து பாரு.”

பிரேக்கை விட்டால் ஈரச் சரிவும் லாரியும். அறையை விட்டால், கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கொடுக்க யோசிக்கும் ஊரில் மறுபடியும் தெருத் தெருவாக அலைச்சல். நான் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலிகளோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு. செயலாளர் தலைக்கவசம் அணிந்து, அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் குனிந்து பிரேக் வயரைப் பார்த்தேன். அந்த நாட்டு வழக்கப்படி இடது கைப் பிடியின் வயர்தான் முன் சக்கரத்துக்குப் போயிருந்தது. வலதைக் கழற்றியதில் போனது பின் பிரேக். எதை ஆபத்து என்று ஊர் முழுக்கக் கழற்றினாரோ, அது மட்டும்தான் அவரிடம் மிச்சம்.

வாட்ச்மேனைப் பார்த்தேன். “ரைட் போலே, ரைட் நிகாலா. மெரேகு கைக்கு பூச்தே?” என்றார் உருதுவில். வலது என்றார்கள், வலதைக் கழற்றினார். அவரை ஏன் கேட்க வேண்டும்?

“சார், இறங்காதீங்க. உங்க சைக்கிள்ல இருக்கறது முன் பிரேக்.”

“சர்க்குலரைப் படிச்சியோ? வலதைக் கழட்டணும்னு போட்டிருக்கு. கழட்டியாச்சு. அப்புறம் என்ன?”

“அப்போ மெல்லப் பிடிங்க சார், மெல்ல.”

அதற்குள் கிளம்பிவிட்டார். கோடு நெருங்கியதும், பின் சக்கரம் என்ற முழு நம்பிக்கையோடு இடது கையை இறுக்கினார். சைக்கிள் கோட்டுக்கு ஒரு சாண் முன்பாக, சொன்னபடி நின்றது. அவர் மட்டும் ஹேண்டிலைத் தாண்டித் தொடர்ந்து பயணித்து, கேட்டோரத்துக் காகிதப்பூ வேலிக்குள் போய்ச் சேர்ந்தார்.

எல்லோரும் வேலியை நோக்கி ஓடினோம். பாதிப் பல் சிறுமி மட்டும், “அம்மா, அங்கிள் கூடா படிப்போயாரு” என்று அம்மாவிடம் தெலுங்கில் சொன்னாள். அங்கிளும் விழுந்துவிட்டாராம்; குரலில் அப்படியொரு நிறைவு.

நாங்கள் முள்ளை விலக்கிக்கொண்டிருக்கும்போது வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது. “பாத்தேளா? ஒரே பிரேக்ல சைக்கிள் நின்னுடுத்து.”

சைக்கிள் நின்றது உண்மைதான். சோதனை வெற்றி என்றே சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் மொட்டைமாடிக்கு ஏறிவந்தார். மோவாயில் பிளாஸ்திரி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவருடைய பின் பிரேக். பின்னாலேயே வாட்ச்மேன் அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதை மாட்டத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

மாட்டி முடிக்கும்வரை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அன்னிக்கு என்னமோ சொன்னியே, பாரம், இடுப்புன்னு, அதையெல்லாம் ஒரு சர்க்குலரா எழுதிக் குடு. என் பேர்ல போட்டுடறேன்,” என்றார்.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அறையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ‘இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்லப் பிடிக்கவும்’ என்ற முதல் வரியை இரண்டு தடவை படித்தார். என் பேனாவை வாங்கி, ‘மெல்ல’வை மட்டும் அழுத்தி அடிக்கோடிட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.