ஸ்பீக்கருக்குப் பக்கத்துல

எனக்குக் காது மந்தமாயிருச்சுங்கறது எனக்கு முந்தி எம் பொண்டாட்டிக்குத்தான் தெரிஞ்சுது. அடுப்புல குக்கர் கத்திக்கிட்டே கெடக்குமாமா, நான் பக்கத்துலயே உக்காந்து போனைப் பாத்துட்டு இருப்பனாமா. "ஏனுங்க, செவிடன் காதுல சங்கு ஊதுனாப்பல உக்காந்திருக்கறீங்களே, அடுப்பை அணைச்சா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"ன்னு வைவா. காது பாக்கற டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்த நாள்ல இருந்து அந்தச் சங்குப் பேச்சை அவ எடுக்கறதே இல்ல. வைதிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும். அவ வையாம இருந்ததுலதான் விசயம் பெருசுன்னு எனக்கு ஒறைச்சுது.

பாலக்காட்டுக்குப் பக்கத்துல கஞ்சிக்கோட்டுல இரும்பைக் காய்ச்சி ஹேமர்ல அடிக்கற கம்பெனியில எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முந்தியே சேந்தது. ஹேமர் ஒரு அடி எறங்குனா நெஞ்சுக்கூடு குலுங்கும். காதுல அடைச்சுக்கப் பஞ்சு குடுப்பாங்க. புதுசா வந்தவன் அடைச்சுக்குவான். பழைய ஆளுக நாங்க பாக்கெட்டுல போட்டு வெச்சிருப்போம், ஆபீசர் வர்றப்ப எடுத்துச் செருகறதோட சரி. யாராவது நாள் முழுக்க வெச்சிருந்தா, "இன்னும் பழகலையாடா ராசா?"ன்னு கேலி பண்ணியே கொன்னுருவாங்க.

ஒரு நாள் அந்தச் சத்தம் உறைக்காமப் போகும் பாருங்க. காதுக்குள்ள இரைச்சல் இல்ல, தலைவலி இல்ல. அன்னிக்குக் "காது பழகிருச்சு"ன்னு சொல்லி செட்டுக்கே டீ வாங்கிக் குடுக்கணும். அது எங்க ஹேமர் ஷாப்புல ஒரு வழக்கம். நானும் வாங்கிக் குடுத்தனுங்க, வடையோட. எல்லாரும் முதுகுல தட்டுனாங்க. பழகலடா மடையா, சாகுதுடான்னு சொல்றதுக்கு அங்க ஒரு நாதி இல்ல. சொல்லியிருந்தாலும் நாங்க கேட்டிருக்கவா போறோம்?

உள்ள வாய்ப்பேச்சு வேலைக்காகாது. உதட்டைப் பாத்தே பேசிக்குவோம். தமிழு, மலையாளம், இப்ப வந்து சேந்திருக்கற வடக்கத்திப் பசங்களோட இந்தி, எல்லாம் உதட்டுலயே ஓடும். பத்தடி தள்ளி நிக்கறவன் மேஸ்திரியை என்ன வார்த்தையில திட்டறான்னு அச்சு அசலாச் சொல்லிருவேன்.

இப்படிப்பட்டவனுக்குப் பாட்டுப் பைத்தியம் எங்க இருந்து புடிச்சுதுன்னு கேக்காதீங்க. கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் ஒரு நாள் அவன் இயர்போன்ல ஒண்ணை எங்காதுல மாட்டிவிட்டான். கிட்டாரும் டிரம்ஸும் போட்டு அலறற பேண்ட் ஒண்ணு. பாடறவன் நம்ம பாலக்காட்டு மலையாளத்தான், பாதிப் பாட்டைத் தமிழ்லதான் பாடுவான். அவன் குரல்ல ஒரு பிசிறு உண்டு. மேல போகப் போக, இதா ஒடஞ்சு போச்சுன்னு நெனைப்போம். ஒடையாது. அந்த இடத்துல அப்படியே நிக்கும். எனக்கு அந்த எடம்தான் வேணும். நாளெல்லாம் இரும்போட இரும்பாக் கெடந்துட்டு வர்றவனுக்கு, நானும் மனுசன்தாங்கற நெனப்பு அங்கதான் வரும். அவங்க போட்ட பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். எம் பொண்டாட்டிக்கு அது ஆகவே ஆகாது. "கம்பெனியில அடிக்கற அடி பத்தாதுன்னு ஊட்லயும் இந்த ஒச்சையாங்க?"ம்பா.

நேர்ல மட்டும் கேட்டதே இல்ல. கொச்சிக்கு வந்தாங்க, கோயமுத்தூருக்கு வந்தாங்க. எப்ப வந்தாலும் எனக்கு ஷிப்டு, எப்பக் கேட்டாலும் லீவு இல்ல. அடுத்த தடவை ஆகட்டும், அடுத்த தடவை ஆகட்டும்னே வருசம் போயிருச்சு.

டாக்டரம்மா சுத்தி வளைக்கலை. நரம்பு போனது போனதுதான், இன்னும் போகும்னுட்டாங்க. "மிஷின் வெச்சா சத்தம் பெருசாக் கேக்கும், வார்த்தை புரியுமான்னு சொல்ல முடியாது. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்துங்க. பெரிய சத்தம் இருக்கற பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க." சரிங்கம்மான்னு வந்தேன். வந்த அடுத்த வாரம், அந்த பேண்ட் பாலக்காட்டுக்கே வருதுன்னு பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்குது!

மிச்சத்தைக் காப்பாத்தி வெச்சு என்ன பண்றதுங்க? குக்கர் விசில் கேக்கறதுக்கா? அந்தக் குரலை ஒருக்கா நேர்ல கேட்டரணும், அப்பறம் போனாப் போய்த் தொலையட்டும்னு முடிவு பண்ணிட்டேன். டிக்கெட் எடுத்துட்டு வந்து எம் பொண்டாட்டிகிட்டக் காட்டுனப்ப, "கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரமாக்கும்"னு மொனகுனா. சித்த நேரம் கழிச்சு, "தனியாப் போயி ஹாரன் கேக்காம லாரியில அடிபட்டுக்காதீங்க, நானும் வர்றேன்"னா.

மைதானம் பூராவும் கறுப்பு டீசர்ட்டு போட்ட காலேஜ் புள்ளைக. நடுவுல இவ, கோயிலுக்குப் போறாப்பல பச்சைச் சேலையும் மல்லியப்பூவும். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. நான் நேராப் போயி ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னேன். அவ முந்தானையைச் சுருட்டி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா.

டிரம்ஸ் ஆரம்பிச்சது உள்ளங்கால்ல தெரிஞ்சுது. அப்பறம் மேடைக்குப் பின்னாடி இருந்த பெரிய ஸ்கிரீன்ல அவன் மூஞ்சி வந்துச்சு. வாயைத் தொறந்தான் பாருங்க... கேட்டுச்சுங்க! ஒவ்வொரு வார்த்தையும், ஒவ்வொரு இழுப்பும். பிசிறுகூட. "ஏம்புள்ள, கேக்குது! எல்லாம் கேக்குது!"ன்னு அவ தோளைப் புடிச்சு உலுக்குனேன். அவ சிரிச்சா. நான் குதிச்சேன், கத்துனேன், கூடச் சேந்து பாடுனேன். ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு, அதுவும் கேட்டுச்சு. மேல போயி ஒடையாம நிக்கற அந்த எடம் வந்தப்ப அழுதுட்டேன். டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? நாளைக்கே போயி, உங்க மிஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன்.

அப்பறம் வெளக்கையெல்லாம் கொறச்சாங்க. அவன் ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து என்னமோ சொன்னான். கூட்டம் எகிறிக் குதிச்சுது. முன்னாடி நின்ன புள்ளைக ஒருத்தரையொருத்தர் திரும்பிப் பாத்து, "புதுசு, புதுசு"ன்னு சொல்றதை உதட்டுல பாத்தேன். இன்னும் வெளிய விடாத புதுப்பாட்டு. டிரம்ஸுக்காரன் கையைக் கட்டிக்கிட்டான். இவன் மைக்கை வாயோட ஒட்டி வெச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஸ்கிரீன்ல இருந்து அவன் மூஞ்சி போயி, மழை பெய்யறாப்பல ஒரு படம் ஓடுச்சு.

ஒண்ணுமே இல்ல.

மைக் போச்சுன்னு நெனச்சேன். "மைக்கு போச்சுடோய்! மைக்கைப் பாருங்கடா!"ன்னு கத்துனேன். முன்னாடி நின்ன புள்ளைக எல்லாம் திரும்பி மொறைச்சாங்க. எம் பொண்டாட்டி எங்கையைப் புடிச்சு அமுத்துனா. இல்லீங்கன்னு தலையை ஆட்டுனா. பாடிட்டுத்தான் இருக்கான்னு, அவ உதடு மெதுவா அசைஞ்சுது.

சுத்தியும் பாத்தேன். புள்ளைக போன்ல வெளக்கைப் போட்டுத் தூக்கிப் புடிச்சிருக்குதுக, செலது அழுவுது. அப்பத்தாங்க எனக்கு வெளங்குச்சு. இத்தனை நேரமா உதடு ஸ்கிரீன்ல ஓடுச்சு, பாட்டு எம் மண்டைக்குள்ள ஏற்கெனவே கெடந்துச்சு. ரெண்டையும் நானே ஒட்டிக்கிட்டுக் கேக்குது கேக்குதுன்னு குதிச்சிருக்கேன். இந்தப் பாட்டு மண்டையில இல்ல. அந்தக் குரலு எனக்கு எப்பவோ போயிருச்சு. எந்த நாள்ல போச்சுன்னுகூட எனக்குத் தெரியலை. இனி அவன் எத்தனை பாட்டுப் போட்டாலும் எனக்கு அது இல்ல.

திரும்பி எம் பொண்டாட்டியைப் பாத்தேன். முந்தானை காதுல இருந்து நழுவித் தோள்ல கெடக்குது, அவ அதை எடுக்கலை. கண்ணை மூடியிருந்தா. இத்தனை வருசத்துல அவ ஒரு பாட்டை நின்னு கேட்டு நான் பாத்ததில்லைங்க. குரல் எங்க ஏறுது, எங்க நிக்குதுன்னு அவ மூஞ்சியில தேடுனேன். ஓரெடத்துல அவ புருவம் சுருங்குச்சு, மூச்சை இழுத்துப் புடிச்சா, கன்னத்துல தண்ணி எறங்குச்சு. அந்த எடமாத்தான் இருக்கணும்.

முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. அவ கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. சட்டுன்னு முந்தானையை எடுத்து மூஞ்சியைத் தொடச்சா.

"எப்படி புள்ள இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

எனக்குப் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா உதட்டை நல்லா அசைச்சுச் சொன்னா.

"அப்படி ஒண்ணும் நல்லாயில்லீங்க."